சென்னையிலிருந்து பலாலி: 355 கிலோமீட்டருக்கு ஒன்றே கால் மணி நேரம் ஏன்?

யாழ்ப்பாணத்தில் நடந்த உறவினர் திருமணத்துக்கு அம்மாவை அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. மூட்டு வலியால் நீண்ட நேரம் உட்கார இயலாத அவருக்கு எந்த வழி ஏற்றது என்பதைப் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே கணக்கிட்டுப் பார்த்தேன். சென்னையிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையம் வான்வழியே சுமார் 645 கி.மீ.; யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள பலாலி விமான நிலையம் சுமார் 355 கி.மீ. மட்டுமே. ஆனால் கால அட்டவணையில் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே நேரம்தான், ஒன்றே கால் முதல் ஒன்றரை மணி வரை, காட்டப்பட்டிருந்தது.

இதற்கு முதற்காரணம் விமானமே. கொழும்புக்கு ஜெட் விமானங்கள் பறக்கின்றன. 2019-இல் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலிக்கோ, சுழல்விசிறி கொண்ட ஏ.டி.ஆர். 72 செல்கிறது. ஜெட் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் செல்லும். ஏ.டி.ஆர். விமானத்தின் வேகம் 500 கி.மீ. அளவுதான். அந்த வேகத்திலும் 355 கி.மீ.யை முக்கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடலாமே என்றால், அட்டவணை நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, மறுமுனையில் வந்து நிற்கும் வரையிலான நேரம் அது. எங்கள் விமானத்தின் கதவு மூடிய பிறகு, முன்னே நின்ற விமானங்கள் ஒவ்வொன்றாக எழும்பும்வரை காத்திருந்ததிலேயே கால் மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது.

மேலும், சென்னையின் முதன்மை ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்திருக்க, பலாலி கிட்டத்தட்ட நேர் தெற்கே இருக்கிறது. நாங்கள் கிழக்கு நோக்கி எழும்பி, கடலின் மேல் வலப்புறம் திரும்பிய பிறகுதான் தெற்குத் திசையைப் பிடித்தோம். இணையத்தில் காணும் தூரக் கணக்கு, இரு நிலையங்களுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய கோட்டை மட்டுமே அளக்கிறது. இந்தத் திருப்பம் அதில் சேராது. 2006 முதல் இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றாகவே இருப்பதால், கடிகாரத்தைத் திருத்தும் வேலை மட்டும் இல்லை.

எனவே நேரத்தை வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை கணக்கிட்டேன். கொழும்பு வழியே சென்றால், யாழ்ப்பாணத்தைத் தாண்டிப் போய் இறங்கி, அங்கிருந்து 300 கி.மீ.க்கு மேல் தரைவழியே வடக்கு நோக்கித் திரும்பி வர வேண்டும். அதற்கே ஒரு பகல் போய்விடும், அம்மாவால் தாங்க முடியாது. பலாலியில் செம்மண் தோட்டங்களுக்கும் பனைகளுக்கும் நடுவே இறங்கினால், நகரம் இருபது கி.மீ.க்கும் குறைவு. வந்து நின்றது எங்கள் விமானம் ஒன்றே என்பதால் குடிவரவு வரிசையும் விரைவில் முடிந்தது. மின்னணுப் பயண அனுமதியை முன்பே பெற்று, அச்சிட்ட படியைக் கையில் வைத்திருந்ததும் உதவியது.

திரும்பும் பயணத்தில் சென்னையிலிருந்து மதுரைக்கு அன்றே வேறு விமானம் பிடிக்க வேண்டியிருந்தது. குடிவரவு, சுங்கம், பெட்டி எடுத்தல், உள்நாட்டு முனையத்துக்கு நடத்தல், மறுபடியும் சோதனை என அனைத்தையும் கூட்டி நான்கு மணி நேர இடைவெளி விட்டேன். அம்மா அவசரமின்றி உட்கார்ந்து எழுந்து நடக்க அது போதுமானதாக இருந்தது.