பின்னிணைப்பில் ஒரு பற்றரி

2022இல் ஒஸ்லோவுக்குப் படிக்க வந்தேன். சர்வதேச உறவுகளில் சமாதானமும் முரண்பாடும் பற்றிய முதுநிலைப் படிப்பு. அப்போது நோர்வேயின் அரச பல்கலைக்கழகங்களில் எங்களுக்கும் கட்டணம் இல்லை. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் காசு வாங்கத் தொடங்கியது 2023 இலையுதிர் காலத்தில்தான். ஆனாலும் ஒரு வருடச் செலவுக் காசைக் காட்டாமல் விசா கிடைக்காது. இலங்கையில், வன்னியின் மல்லாவியில் இருந்த வயலை அப்பா ஈடு வைத்தார்.

கிரிங்ஷோ மாணவர் குடியிருப்பில் ஓர் அறை, பொதுக் குசினி. டிசம்பரில் பின்னேரம் மூன்றரைக்கே இருட்டிவிடும். வாரத்துக்கு 20 மணித்தியாலம் வேலை செய்ய அனுமதி உண்டு. நான் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். அங்கே அறிமுகமான அக்கா ஒருவர்தான் குளிர் ஜாக்கெட் தந்தவர். அவருடைய கணவரும் மாணவராக வந்தவர்தானாம். எண்பதுகளில் எங்கள் ஆட்கள் பலர் இங்குள்ள மக்கள் உயர்பள்ளிகளுக்குப் படிக்க வந்து, பிறகு வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். அவர்கள் பட்ட குளிருக்கு முன்னால் என் குளிர் ஒன்றுமே இல்லை.

மத்தியஸ்தம் பற்றிய வாரத்தில் வாசிக்கத் தந்தது இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் செய்த 2002 பெப்ரவரி 22 போர்நிறுத்த ஒப்பந்தம். நோர்வே நடுவில் நின்றதால் இங்கே அது ஒரு பாடம். வகுப்பில் கண்காணிப்புக் குழுவைப் பற்றித்தான் பேச்சு: ஐந்து நோர்டிக் நாடுகள் சேர்ந்தது, 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்தபின் சுவீடனும் பின்லாந்தும் டென்மார்க்கும் விலகியது. நல்ல விவாதம். ஆனால் என் கண் பின்னிணைப்பில் நின்றுவிட்டது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்குள் தாராளமாகப் போகமுடியாத பொருட்களின் பட்டியல் அது. வெடிபொருள், முள்ளுக்கம்பி, தொலைநோக்கி, திசைகாட்டி. அவற்றோடு, சுவர்மணிக்கூட்டுக்குப் போடுகிற அந்தச் சின்னப் பற்றரி.

அப்போது எனக்கு எட்டு வயது. பற்றரி இல்லாததால், பொழுதுபட்டதும் அப்பா சைக்கிளைக் கவிழ்த்து, சீற்றிலும் ஹாண்டிலிலும் நிற்க வைப்பார். டைனமோவிலிருந்து இரண்டு வயர் றேடியோவுக்குப் போகும். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. மெதுவாகச் சுற்றினால் குரல் தேய்ந்துபோகும், கெதியாகச் சுற்றினால் கரகரக்கும். பிபிசி தமிழோசை முடியும்வரை கை மாற்றி மாற்றிச் சுற்றுவேன். ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் அயலட்டைச் சனம் மூச்சுக் காட்டாமல் இருக்கும். ஒப்பந்தம் கைச்சாத்தான செய்தியையும் அப்படித்தான் கேட்டோம். செய்தி முடிந்து நான் கையை எடுக்கப் போக, அப்பா "விடாத பிள்ளை, சுத்து" என்றார்.

இதை வகுப்பில் சொன்னேன். அதுவரை நான் வாய் திறந்ததே குறைவு. பக்கத்தில் இருந்தவள், சமாதானம் பேசியபிறகும் பற்றரிக்கு ஏன் தடை என்று கேட்டாள். குண்டு வெடிக்க வைக்கலாம் என்ற பயம் என்றேன். அந்தப் பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு வரி எத்தனை வீட்டு முற்றங்களுக்குள் வந்தது என்பதும் பாடத்தில் இருக்கவேண்டும். ஏப்ரலில் வன்னியூடாகப் போகும் ஏ9 பாதை திறந்தபோது, ஓமந்தை இராணுவச் சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்டியவர்களுக்கு ஒப்பந்தத்தின் முன்னுரை தெரியாது. எதைக் கொண்டுபோக விட்டார்கள், எதை எடுத்து வைத்தார்கள் என்று தெரியும். நோர்வேயின் முயற்சியைப் பற்றி 2011இல் வந்த மதிப்பீட்டு அறிக்கையையும் வாசித்தேன். கொழும்பையும் ஒஸ்லோவையும் நன்றாக எடைபோட்டிருக்கிறார்கள். நான் தேடியது முற்றத்தை.

அதனால் என் ஆய்வேட்டை அந்தப் பின்னிணைப்பை வைத்தே எழுதினேன். ஒப்படைத்த அன்று அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"சைக்கிளைப் பற்றியும் எழுதினியோ?"

"எழுதினேன் அப்பா."

"ஆர் சுத்தினது எண்டும் எழுதினியோ?"