விருப்பமான வேலை விடாமல் காக்கும் வலிமை

முதுமையில் பிறரைச் சாராமல் வாழ்வது என்பது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வது, மருந்து வேளையை மறக்காதிருப்பது, இன்றைய பொழுதை எப்படிக் கழிப்பது என்பதைத் தானே முடிவு செய்வது போன்ற சிறு சிறு திறன்களால் ஆனது. இவற்றைப் பயிற்சி என்ற பெயரில் அன்றாடம் செய்யச் சொன்னால் பலருக்குச் சில நாட்களிலேயே அலுப்புத் தட்டிவிடும். மனத்துக்குப் பிடித்த பொழுதுபோக்கு ஒன்று இருந்தாலோ, யாரும் நினைவூட்டாமலே அவை நடந்துவிடுகின்றன.

என் அம்மா தொட்டிச் செடிகளைப் பராமரிக்கும்போது இதைக் கூர்ந்து கவனித்திருக்கிறேன். களை பிடுங்கக் குனிந்து நிமிர்கிறார்; பாதி நிரம்பிய பூவாளியை ஒரு கையில் தூக்கியபடி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் நடக்கிறார்; பழுத்த இலையைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரக் கிள்ளி எடுக்கிறார். மருந்துப் புட்டியின் மூடியைத் திருகவும் படியில் தடுமாறாமல் இறங்கவும் வேண்டியவை இதே அசைவுகள்தாம். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாட்களாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. செடி வளர்ப்பு அதற்கு முழு ஈடாகாது. ஆனாலும் உடலை அசையாமல் கிடக்க விடுவதில்லை.

மூளைக்கும் இது பொருந்தும். 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி வாசித்தல், நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு குறைந்து காணப்பட்டது. நோயின் தொடக்கமே சிலரைப் பொழுதுபோக்கிலிருந்து விலக்கியிருக்கக்கூடும் என்பதால், இதை உறுதியான காப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, முடிவெடுக்கும் உரிமை. எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளவியலாளர்கள் 1976இல் வெளியிட்ட ஆய்வில், முதியோர் இல்லத்தில் ஒரு பிரிவினருக்கு அன்றாடத் தேர்வுகளும், தாமே பராமரிக்கும்படி ஒரு செடியும் தரப்பட்டன; மற்றப் பிரிவினரின் செடிகளுக்குப் பணியாளர்கள் தண்ணீர் ஊற்றினார்கள். பொறுப்பைத் தாமே ஏற்றவர்கள் கூடுதல் உற்சாகத்தோடும் சுறுசுறுப்போடும் இருந்தார்கள்.

பிள்ளைகளாகிய நாம், "உங்களுக்கு எதற்கு இந்தச் சிரமம், பேசாமல் உட்காருங்கள்" என்று பாசத்தோடு சொல்லி அந்தப் பொறுப்பைப் பறித்துவிடுகிறோம். மூட்டு வலிக்கிறது என்றால் தொட்டிகளை மேசை உயரத்துக்கு ஏற்றலாம். பார்வை மங்கினால் பெரிய எழுத்துப் புத்தகமும் அகலக் காதுள்ள ஊசியும் வாங்கித் தரலாம். விரல் நடுங்கினால் சதுரங்கக் காய்களைப் பெரியவையாக மாற்றலாம். எதை மாற்றுவது, எதை அப்படியே விட்டுவைப்பது என்பதை முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டு, அதன்பிறகே கடைக்குப் போக வேண்டும்.