அந்திநேரப் படத்தைக் கடைசியில் பாருங்கள்

பழைய துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்புகளைச் சீரமைக்கும் திட்ட அறிக்கை எது கைக்கு வந்தாலும், அதன் அட்டைப்படத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். அந்தி வெளிச்சம், தண்ணீரில் மின்னும் கண்ணாடி மாடிகள், சைக்கிளில் ஒரு பெண், பலூனோடு ஒரு குழந்தை, ஓரத்தில் அழகுக்காக விட்டுவைத்த ஒரு கிரேன். கட்டட வரைபடம் வரைவதுதான் என் தொழில். இந்தப் படங்கள் எதை மறைக்கும் என்று தெரியும். அதனால் முதலில் தரைத்தள வரைபடத்தையும், கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டினால் எப்படித் தெரியும் என்று காட்டும் குறுக்குவெட்டையும் தேடுவேன். அப்புறம், இப்போது அங்கே குடியிருப்பவர்கள் திட்டத்தில் எங்கே இருக்கிறார்கள் என்று பார்ப்பேன்.

இந்த நிலங்கள் காலியானதற்குக் காரணம் கண்டெய்னர். கப்பல்கள் பெரிதாகின, ஆழமான நீரும், பெட்டிகளை அடுக்கப் பரந்த தரையும் வேண்டியிருந்தது. ஊருக்குள் இருந்த கப்பல்துறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. லண்டனில் ராயல் டாக்ஸ் என்ற கப்பல்துறை சரக்குக் கப்பல்களுக்கு மூடப்பட்டது 1981இல். அதே ஆண்டு அந்தப் பகுதிக்கென்று ஒரு வளர்ச்சிக் கழகம் அமைத்தார்கள். அலுவலகக் கோபுரங்கள் எழுந்தன. ஆனால் அங்கே உருவான வேலைகளில் பெரும்பாலானவை சரக்கு இறக்கிப் பிழைத்தவர்களுக்கான வேலைகள் அல்ல.

குறுக்குவெட்டு ஏன் முக்கியம் என்பதற்கு, ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் பழைய துறைமுக நிலத்தில் எழுந்த ஹாஃபன்சிட்டியைச் சொல்வேன். 1962 புயல் வெள்ளத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த நகரம் அது. இந்தப் புதிய பகுதியோ வெள்ளத்தடுப்புக் கரைக்கு வெளியே இருக்கிறது. சுற்றிலும் சுவர் எழுப்பினால் தண்ணீரே கண்ணில் படாது. எனவே கட்டடங்களைக் கடல்மட்டத்திலிருந்து சுமார் 8 மீட்டர் உயர மேடைகளில் ஏற்றினார்கள். மேடைக்குள் வாகன நிறுத்தம். கரையோர நடைபாதை தாழ்வாகவே இருக்கும், வெள்ளம் வந்தால் முழுகட்டும் என்று விட்டுவிட்டார்கள். இத்தனையும் ஒரே தாளில் விளங்கிவிடும். எந்த அந்திப் படத்திலும் விளங்காது.

ஆம்ஸ்டர்டாமின் போர்னியோ-ஸ்போரன்பர்க் குடியிருப்பு எனக்கு இதைவிடப் பிடிக்கும். 1990களில் வெஸ்ட் 8 என்ற நகர வடிவமைப்பு நிறுவனம் இரண்டு பழைய கப்பல்துறைத் திட்டுகளில் ஹெக்டேருக்கு நூறு வீடு என்ற கணக்கில் சுமார் 2,500 வீடுகளுக்குத் திட்டம் போட்டது. அவ்வளவு நெருக்கத்துக்கு அடுக்குமாடிதான் வழி என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் பெரும்பாலானவை தெருவிலேயே வாசல் வைத்த, மூன்று தளத்தோடு நின்ற வீடுகள். மனையின் ஒரு பகுதியைக் கட்டாமல் முற்றமாக விட வேண்டும், தரைத்தளத்தின் உயரம் 3.5 மீட்டர் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். அந்த உயரம் இருந்தால் இன்று வீடாக இருப்பது நாளை பட்டறையாகவோ கடையாகவோ மாறலாம். மூன்று பெரிய தொகுப்புக் கட்டடங்களும் உண்டு. என் கண் அந்தச் சின்ன வாசல்களில்தான் நிற்கும்.

இருப்பவர்களை என்ன செய்வது? சிலியின் துறைமுக நகரமான இகீகேயில், நகர மையத்தில் அரை ஹெக்டேர் நிலத்தில் முப்பது ஆண்டுகளாகக் குடிசை போட்டிருந்த சுமார் நூறு குடும்பங்களை ஊர்க்கோடிக்குத் துரத்தாமல் அங்கேயே குடியமர்த்தினார்கள். வீட்டுக்கு 7,500 டாலர் மானியம். விலை உயர்ந்த அந்த நிலத்தையும் அதிலேயே வாங்க வேண்டும். அதனால் எலமென்டல் என்ற கட்டடக்கலைக் குழு அடித்தளம், சமையலறை, குளியலறை, மாடிப்படி என்று கடினமான பாதியைக் கட்டிக் கொடுத்து, மீதியைக் குடும்பங்களே கட்டிக்கொள்ள இடைவெளி விட்டது.

பிரான்சின் போர்டோ நகரிலுள்ள கிராண்ட் பார்க் குடியிருப்பு துறைமுகத்தை ஒட்டியது அல்ல, ஆனாலும் சொல்லியாக வேண்டும். 1960களில் கட்டிய 530 வாடகை வீடுகள். லகாட்டன், வசால் என்ற கட்டடக் கலைஞர்கள் இருவரும் கூட்டாளிகளுடன் சேர்ந்து, எதையும் இடிக்காமல், முகப்புக்கு வெளியே 3.8 மீட்டர் ஆழமுள்ள கண்ணாடிக் கூடங்களைச் சேர்த்தார்கள். வேலை நடக்கும்போதும் மக்கள் அதே வீட்டில் இருந்தார்கள்.

அண்மையில் நான் படித்த ஒரு துறைமுகத் திட்டத்தில், இடிக்கப்போகும் வீடுகள் வெறும் சாம்பல் நிறக் கட்டங்களாக இருந்தன. கருத்துக் கேட்டிருந்தார்கள், எழுதி அனுப்பினேன்: அந்தக் கட்டம் ஒவ்வொன்றிலும் எத்தனை குடும்பம், வாடகைக்கு இருப்பவர் எத்தனை பேர், புதிய வரைபடத்தில் அவர்களுக்கு எந்தத் தளத்தில் எந்தக் கதவு என்று குறித்த ஒரு தாளைச் சேருங்கள். அது வரும்வரை இடிப்புக்கு ஒப்புதல் கொடுக்காதீர்கள்.