தரங்கம்பாடியின் புதிய எருசலேம் ஆலயமும் எங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரும்

என் அம்மானுக்குத் திருக்கடையூரில் வயது நிறைவுச் சாந்தி நடந்தது. காரைக்குடிப் பக்கத்திலிருந்து இரண்டு வேன்களில் உறவினர் எல்லோரும் முதல் நாள் மாலையே போய்ச் சேர்ந்திருந்தோம். மறுநாள் கலசாபிஷேகமும் அபிராமி சந்நிதி தரிசனமும் பந்தியும் முடிந்த பின், பெரும்பாலோர் பூம்புகாருக்குப் புறப்பட்டார்கள். நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்குக் குடிபெயர்ந்து வந்தவர்கள் என்பது எங்கள் குலவழக்கு. ஆகையால் அந்தக் கடலில் கால் நனைக்காமல் ஊர் திரும்புவதை மூத்தவர்கள் விரும்புவதில்லை. நானும் என் ஆச்சியும் மட்டும் எதிர்த்திசையில், சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள தரங்கம்பாடிக்கு ஆட்டோ பிடித்தோம். முந்நூறு ஆண்டுகளாகக் கடற்காற்றைத் தாங்கி நிற்கும் புதிய எருசலேம் ஆலயத்தின் சுவர்களைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆவல். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் 1620-இல் இசைவு பெற்று டென்மார்க் நாட்டவரான டேனியர் அமைத்த ஊர் அது. நுழைவாயிலைக் கடந்து ராஜ வீதியில் கடலை நோக்கி நடந்தால், 1701-இல் டேனியருக்காக எழுந்த சீயோன் ஆலயமும், அதன் அருகிலேயே 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் வருகின்றன. வீதியின் முடிவில் டேனிஷ் கோட்டையும் கடலும் இருக்கின்றன. கோட்டையைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம் என்பதால் நான் ஆலயத்தோடு நின்றுகொள்கிறேன்.

இவ்வளவு சிறிய ஊரில், ஒரே வீதியில், இரண்டு லுத்தரன் ஆலயங்கள் எதற்கு என்ற கேள்விக்கான விடைதான் இந்த ஆலயத்தின் வரலாறு. சீயோன் ஆலயம் ஐரோப்பியருக்கானது. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய ஜெர்மானியர்களான பார்த்தலோமேயு சீகன்பால்கும் ஹெய்ன்ரிக் புளூட்சாவும் 1706 ஜூலை 9 அன்று இங்கு வந்து இறங்கினார்கள். திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்து எழுதித் தமிழ் பயின்ற சீகன்பால்க், உள்ளூர் மக்களுக்கென்று அவர்கள் மொழியில் ஆராதனை நடக்கும் ஓர் ஆலயம் வேண்டும் என்று எண்ணி, வந்து சேர்ந்து ஏறக்குறைய ஓராண்டில் முதல் எருசலேம் ஆலயத்தைக் கட்டினார். அது 1707 ஆகஸ்டில் பிரதிஷ்டை செய்யப்பட்டது. தமிழிலும், கடற்கரை ஊர்களில் அன்று பரவலாக வழங்கிய போர்த்துகீசிய மொழியிலும் அங்கே ஆராதனை நடந்தது. ஆனால் அந்தக் கட்டடம் சிறியது. பெருகிவந்த சபைக்கு அது போதாமற் போனதோடு, கடலின் சேதத்துக்கும் ஆளாகியது. ஆகவே 1717 பிப்ரவரியில் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1718 அக்டோபர் 11 அன்று பணி நிறைவேறிப் பிரதிஷ்டை நடந்தது. புதிய எருசலேம் என்ற பெயரில் பழைய ஆலயத்தின் நினைவும் உடன் வந்துவிட்டது.

முகப்பின் முன் நின்றபோது ஆச்சிதான் முதலில் அந்த முத்திரையைக் கண்டார். வெள்ளை பூசிய முகப்பில், சுதையால் ஆன மணிமுடியும் அதன் கீழே அரசரின் பெயரெழுத்துச் சின்னமும் இருக்கின்றன. செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. எங்கள் ஊர்களில் வீட்டை அடையாளம் காட்டுவது விலாசம். பாட்டன், பூட்டன் பெயர்களின் முதலெழுத்துகளை வரிசையாகக் கோத்த அந்த விலாசத்தை முகப்பில் கஜலட்சுமிக்கு அருகில் பொறித்து வைப்பவர்கள் உண்டு. கட்டியவர் யார், யாருடைய பணத்தில் கட்டியது என்பதைத் தெருவுக்குச் சொல்லும் அந்த வழக்கமே இங்கே டென்மார்க் அரசருக்கு அமைந்திருக்கிறது. தமிழர் வழிபடுவதற்கான ஆலயத்தின் நெற்றியில் தொலைதூர அரசர் ஒருவரின் விலாசம் இருப்பது எனக்குச் சற்று உறுத்தலாகத்தான் இருந்தது. எனினும், உள்ளூர் டேனிய அதிகாரியோடு ஏற்பட்ட பிணக்கில் சீகன்பால்க் சில மாதங்கள் சிறையில் இருந்தவர் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த மணிமுடி இந்தச் சபைக்கு எவ்வளவு பெரிய காப்பாக இருந்திருக்கும் என்பதும் விளங்குகிறது.

வானளாவும் மணிக்கோபுரம் எதுவும் இங்கே இல்லை. தரையமைப்பு சிலுவை வடிவிலானது. நான்கு கைகளும் ஒன்றுகூடும் நடுவிடத்தில் நின்று பேசினால், குரல் நான்கு பக்கமும் சென்று சேர்கிறது. உரத்துப் பேச வேண்டிய தேவையே இல்லை என்பதை, ஆலயத்தைத் திறந்து காட்டிய பணியாளர் பேசிக்கொண்டே நடந்தபோது உணர்ந்தேன். வேதத்தை வாசிப்பதும் அதைக் கேட்பதுமே வழிபாட்டின் மையமாக இருக்கும் ஒரு சபைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இருக்க முடியாது. சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு இதே ஊரில் 1715-இல் அச்சாகி முடிந்தது. ஆக, இந்த ஆலயம் எழுந்தபோது அதில் வாசிக்க அச்சிட்ட தமிழ்நூல் ஆயத்தமாக இருந்தது.

பலிபீடத்துக்கு முன்னே சீகன்பால்கின் கல்லறை இருக்கிறது. ஆலயம் பிரதிஷ்டையாகி ஐந்து மாதங்கள்கூட நிறைவடையாத நிலையில், 1719 பிப்ரவரி 23 அன்று, தம் 36-ஆம் வயதில் அவர் காலமானார். அவருடன் பணியாற்றிய கிரண்ட்லர் அடுத்த ஆண்டே மறைந்து, அவரும் இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். வழிபடும் இடத்துக்குள் சமாதியா என்று ஆச்சி முதலில் திகைத்து நின்றார். பிறகு தாமாகவே, கோவிலூர் மடத்தில் ஆண்டவர் சமாதியை நாம் வணங்குவது போலத்தானே இதுவும் என்று சொல்லிக் கைகூப்பினார். தான் கட்டிய ஆலயத்தில் ஒரே ஒரு கிறிஸ்துமஸைக் கண்டவர் அந்த மனிதர் என்ற எண்ணம் எழுந்த பிறகு, அங்கிருந்து நகர எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

இனி சுவர்களுக்கு வருகிறேன். அக்காலத்துக் கடற்கரைக் கட்டடங்களைப் போலவே இதுவும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பியது. சன்னல் விளிம்பிலேயே சுவரின் கனம் தெரிகிறது. சுண்ணாம்புக் காரை, காற்றில் உள்ள கரியமில வாயுவை ஆண்டுக்கணக்கில் உள்வாங்கி மெல்ல மெல்லக் கல்லாகிறது. அதே வேளையில் அதன் நுண்துளைகள் வழியே சுவரின் ஈரம் வெளியேறவும் இடம் இருக்கிறது. கடலோரத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்தே சுவருக்குள் ஏறும். அந்த ஈரம் வெளியேற வழியின்றி அடைபட்டால், உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கல்லை உதிர்த்துவிடும். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியைக் கடலே கொண்டுபோய்விட்ட ஊர் இது. 2004 ஆழிப்பேரலை இந்த ஆலயத்தையும் விட்டுவைக்கவில்லை. சேதங்களைச் சீர்செய்த பிறகு இன்றும் ஞாயிறுதோறும் ஆராதனை நடக்கிறது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் பேராயர் தரங்கைப் பேராயர் என்றே அழைக்கப்படுவதால், சிற்றூர்ச் சபையின் ஆலயமாக இருந்தும் இதற்கு ஒரு தாய்வீட்டின் தகுதி இருக்கிறது.

என் ஆவலுக்கான காரணம் எங்கள் வீட்டுச் சுவர்தான். முட்டை வெண்கருவும் கடுக்காய்ச் சாறும் சேர்த்து அடுக்கடுக்காகப் பூசி, கல்லால் தேய்த்துப் பளபளப்பேற்றிய வளவுச் சுவர், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய சுவர், என் பாட்டனார் காலத்திலிருந்து ஒரு கீறல்கூட இல்லாமல் குளிர்ச்சியாக நிற்கிறது. அதன் ஒரு மூலையில் மழைநீர் இறங்கியதற்காகப் பத்து ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சிமெண்ட் பூசினோம். செலவு குறைவு, வேலை இரண்டே நாளில் முடியும் என்பதற்காகச் செய்த தவறு அது. இன்று அந்தச் சிமெண்டின் ஓரமெல்லாம் உப்புப் பூத்து, அதை அடுத்த பழைய பூச்சும் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. எங்கள் ஊரில் கடல் இல்லை. ஆனாலும் அடைபட்ட ஈரம் செய்யும் வேலை எங்கும் ஒன்றுதான்.

ஆலயத்தை விட்டு வெளியே வரும் முன் ஆச்சி வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, நம் வளவுச் சுவரைப் போலவே குளிர்ந்திருக்கிறது என்றார். ஊர் திரும்பிய வாரமே கொத்தனாரை வரவழைத்து, அந்த மூலையில் இருக்கும் சிமெண்டை முழுவதும் கொத்தி எடுத்துவிடச் சொன்னோம். சுண்ணாம்பு நீற்றிப் புளிக்க வைத்திருக்கிறது. கடுக்காய் பின்கட்டுத் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது.