புது நாட்டில் வங்கிக் கணக்கு

வீடு வாடகைக்குக் கேட்டால் வங்கிக் கணக்கு எங்கே என்கிறார்கள். கணக்கு திறக்கப் போனால் முகவரிச் சான்று எங்கே என்கிறார்கள். வெளிநாட்டில் புதிதாகக் குடியேறும் பலரும் இப்படித்தான் செக்குமாடாகச் சுற்றுகிறார்கள். வேலை தந்த நிறுவனமோ பல்கலைக்கழகமோ எழுதித் தரும் கடிதத்தைப் பல வங்கிகள் ஏற்கும். போன கையோடு அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகிறவர்கள் கவனிக்க: 2014ஆம் ஆண்டின் விதிப்படி, அங்கே சட்டபூர்வமாக வசிப்பவருக்கு, நிலையான முகவரி இல்லாவிட்டாலும், அடிப்படைக் கணக்கு (பணம் போட, எடுக்க, அனுப்ப உதவும் எளிய கணக்கு) பெறும் உரிமை உண்டு. முழு விண்ணப்பம் கொடுத்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி கணக்கைத் திறக்க வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். கவுன்ட்டரில் இருப்பவர் இதைத் தாமாகச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். நாம்தான் 'அடிப்படைக் கணக்கு' என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

சொந்த நாட்டு வரி எண்ணைக் கேட்டால் கோபப்படாதீர்கள். நாடுகள் கணக்கு விவரங்களைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு அது.

இன்னொன்று. சொந்த நாட்டு வங்கியின் பழைய அட்டையைக் கொண்டு ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது, "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா?" என்று இயந்திரம் பரிவோடு கேட்கும். வேண்டாம் என்றே அழுத்துங்கள். அந்தப் பரிவுக்கான கட்டணத்தை மாற்று விகிதத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள்.