மூத்த மகன் உள்ளே போனானா?

பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் மூன்று தடவை கேட்டுவிட்டார். மற்றவர்கள் விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா என்று எழுதுவார்கள். நான் ஓட்டத்தில் கடைசி, பரிசுப் பக்கம் போனதே இல்லை. ஆகவே பைபிள் படித்த வேதபாட வகுப்பைப் பற்றி எழுதுகிறேன்.

எங்களுக்கு அந்தப் பாடம் எடுத்த ரீச்சரின் பெயர் வேண்டாம்; எழுதினால் “உன்னை ஆர் கேட்டது?” என்பார். வசனம் பாடமாக்காமல் வந்தவனை வாங்கில் ஏற்றி நிறுத்துவார். பாடமாக்கி வந்தவன் பாடுதான் இன்னும் மோசம். அவனிடம்தான் கேள்வி கேட்பார்.

ஒரு தவணைப் பரீட்சையில் எபிரெயர் 11:1ஐ விளக்கச் சொல்லியிருந்தார். ‘விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதியும், காணப்படாதவைகளின் நிச்சயமுமாயிருக்கிறது.’ விசுவாசம் என்றால் நம்பிக்கை என்று ஒரே வரியில் எழுதிவிட்டு வெளியே வந்தேன். பத்துக்கு இரண்டு புள்ளி. வீட்டில் பேசும் தமிழில் இரண்டும் ஒன்றுதானே என்று நியாயம் கேட்கப் போனேன். அவர் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 13:13ஐ வாசிக்கச் சொன்னார். விசுவாசம், நம்பிக்கை, அன்பு, இம்மூன்றும்.

“இரண்டும் ஒன்றென்றால் பவுல் ஏனப்பா மூன்று என்று எண்ணினவர்?”

அப்புறம் 130ஆம் சங்கீதத்தைத் திருப்பினார். எப்பொழுது விடியும் என்று காத்திருக்கிற ஜாமக்காரன், அதாவது இரவுக் காவல்காரன், அதில் வருகிறான். விடியும் என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை. ஆனால் இன்னும் இருட்டுத்தான். அவன் அவசரப்பட்டு விடியப்போவதுமில்லை. அந்தக் காத்திருப்புத்தான் நம்பிக்கை என்றார். விசுவாசத்துக்கு அவர் காட்டியது மாற்கு 9இல் நோயாளி மகனோடு வந்த தகப்பனை. ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிடுகிறான். முதலில் ஒழுங்காக விசுவாசித்துவிட்டு வா என்று இயேசு அவனை அனுப்பவில்லை. பிள்ளை சுகமானான்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்தது இரவுக் காவல் வேலை. நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் கடிகாரம் நகராது. சங்கீதக்காரனுக்கு அந்த ஒரு மணி நேரம் தெரிந்திருக்கிறது. எனக்கு அந்த இரண்டு புள்ளியின் நியாயம் அங்கேதான் விளங்கியது.

மனந்திரும்புதல் என்ற சொல் எங்களுக்குத் திட்டு மாதிரி. ஆராவது பிழை விட்டால் “மனந்திரும்படா” என்று கத்துவோம். ரீச்சர் அதைக் கேட்டுவிட்டார். எபிரெயச் சொல்லுக்குத் திரும்பி வருதல் என்று பொருள், கிரேக்கச் சொல்லுக்கு மனம் மாறுதல் என்று பொருள், தமிழ்ச் சொல்லுக்குள் மனமும் இருக்கிறது திரும்புவதும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கொப்பியின் நடுவில் கோடு போடச் சொன்னார். இடது பக்கம், லூக்கா 15இல், தன் பங்குச் சொத்தை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்ட இளைய மகன், வீடு திரும்புமுன் பன்றிகள் நடுவில் இருந்து யோசித்து வைத்த பேச்சு. வலது பக்கம், தகப்பனிடம் உண்மையில் சொன்னது.

எழுதிப் பார்த்தோம். தகப்பனே, பரத்துக்கு விரோதமாகவும் உமக்கு முன்பாகவும் பாவஞ்செய்தேன். இரண்டு பக்கமும் அதுதான். இனிமேல் உம்முடைய குமாரன் என்று சொல்லப்படுவதற்கு நான் பாத்திரனல்ல, அதுவும் சரி. இடது பக்கத்தில் இன்னும் ஒரு வரி மிச்சம்: கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். வலது பக்கம் வெறுமை. அதற்குள் தகப்பன் வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று வேலைக்காரரைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார். கொப்பியில் அந்த வெற்றிடத்தை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. அதற்குக் கீழே மை சிந்தியிருந்தது, அது என் கைவேலை.

இயேசுவின் சீடர் பேதுருவையும் இப்படித்தான் படித்தோம். யோவான் 18இல், பிடிபட்ட இயேசுவின் சீடன் நானல்ல என்று மூன்று தடவை மறுதலிக்கிறார்; இடையில் கரிநெருப்பருகே குளிர்காய்கிறார். 21ஆம் அதிகாரத்தில் கரையிலே இன்னொரு கரிநெருப்பு. அங்கே மூன்று தடவை ‘நீ என்னை நேசிக்கிறாயா’ என்று இயேசுவின் கேள்வி. புதிய ஏற்பாட்டில் கரிநெருப்புக்கான அந்தக் கிரேக்கச் சொல் இந்த இரண்டு இடத்தில் மட்டும்தான் வருகிறதாம். பேதுருவுக்கு அந்தப் புகை மணமே போதுமாயிருந்திருக்கும்.

கடைசித் தவணையில் ஒரே ஒரு வரிக் கேள்வி, ஐந்து புள்ளி: தம்பி திரும்பி வந்ததற்கு வைத்த விருந்துக்கு, கோபித்துக்கொண்டு வெளியே நின்ற மூத்த மகன் உள்ளே போனானா? நான் ‘போனான்’ என்று எழுதினேன். பக்கத்து வாங்குக்காரன் ‘போகவில்லை’ என்று எழுதினான். அந்த வாரம் நானும் அவனும் ஒரு சண்டையில் கதைக்காமல் இருந்தோம், ஆகவே பார்த்து எழுதவும் வழியில்லை. இரண்டு பேருக்கும் பிழை. ரீச்சர் லூக்காவை விரித்துக் காட்டினார். தகப்பன் வெளியே வந்து கெஞ்சுகிறார், பேசுகிறார், அதிகாரம் முடிந்துவிடுகிறது.

“அப்ப விடை என்ன ரீச்சர்?”

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மணி அடித்துவிட்டது.