ஓடுதளத்தில் மாட்டிக்கொண்ட ஒரு ஏக்கர் 82 சென்ட்

ஒரு வழியாகப் பட்டா வந்துவிட்டது. நேற்று இரவு இணையத்தில் மூன்று முறை புல எண்ணைப் போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் அப்பாவின் பெயர்தான் வந்தது. இரண்டு ஆண்டு நான்கு மாதமாக அதே இடத்தில் 'சர்க்கார் புறம்போக்கு, விமான தளம்' என்று படித்துப் படித்துச் சலித்த கண் இது.

எங்கள் ஊரில் விமானம் இறங்கி எண்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. இப்போது ஓடுதளத்தில் இறங்குவதெல்லாம் மிளகாய் வற்றலும் மக்காச்சோளமும்தான். காயப்போட அதைவிட நல்ல களம் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. இரண்டாம் உலகப் போரில் சென்னை மாகாணம் முழுக்க இப்படி ஓடுதளங்களைப் போட்டார்கள். சூலூரும் அரக்கோணமும் படைகளின் தளங்களாகவே நிலைத்துவிட்டன. சோழவரத்தில் பிற்பாடு கார் பந்தயம் நடந்தது. உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு எல்லாம் புல் முளைத்துக் கிடக்கின்றன. அந்த வரிசையில் பெயர் சொல்லாமல் எங்கள் ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சொன்னால் நாளைக்கே மறுபடி ஏதாவது ஓர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே என் முகம் ஏற்கெனவே அதிகம் பழகிவிட்டது.

அப்பா இறந்த பிறகு பாகப்பிரிவினைப் பத்திரம் போடப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. எங்கள் புல எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பு பூஜ்ஜியம் என்றார்கள். "அரசு நிலத்தைப் பாகம் பிரிக்க வந்திருக்கிறீர்களா?" என்று எழுத்தர் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சித்தப்பா பத்திரத்தை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனார். அவர் நாற்பது ஆண்டாக அந்த நிலத்தில் கடலை போடுகிறவர்.

எந்தப் புலம் யாருடையது என்று சொல்லும் கிராமக் கணக்கான அ பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யுடிஆர் திட்டம் நடந்தபோது ஓடுதளத்தை ஒட்டிய எங்கள் புலத்தையும் ஒரே கோட்டுக்குள் அடைத்துவிட்டிருந்தார்கள். அப்பாவிடம் பழைய பட்டா இருந்தது. அதை நம்பி அவர் புதியதைப் பார்க்கவே இல்லை. உங்கள் வீட்டிலும் பழைய பட்டாவைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் இருந்தால், இன்றைக்கே இணையத்தில் அ பதிவேட்டைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்த எட்டு மாதம் நான் பந்துபோல உருண்டேன். கிராம நிர்வாக அலுவலர் "ராணுவ நிலம், என் கையில் இல்லை" என்றார். தாலுகாவில் "சென்னைக்குப் போங்கள்" என்றார்கள். சென்னையில் ராணுவ நிலங்களைப் பார்க்கிற அலுவலகத்தில் "விமான நிலையத் துறையைக் கேளுங்கள்" என்றார்கள். அங்கே "ஓடுதளம் மட்டும்தான் எங்களுடையது, பக்கத்து நிலம் பற்றித் தெரியாது" என்றார்கள். எல்லோரும் தங்களுடையது இல்லை என்கிறார்கள். ஆனால் அதை எழுதிக் கொடுக்க ஒருவரும் இல்லை.

எழுதி வாங்க ஒரே வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதிலும் முதல் முறை கோட்டைவிட்டேன். மாநில அலுவலகத்துக்குப் பத்து ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புகிற பழக்கத்தில் மத்திய அரசு அலுவலகத்துக்கும் அதையே ஒட்டிவிட்டேன். ஒரு மாதம் கழித்து மனு அப்படியே திரும்பி வந்தது. மத்திய அரசு என்றால் தபால் நிலையத்தில் போஸ்டல் ஆர்டர் வாங்குங்கள், அல்லது இணையத்தில் பணம் கட்டுங்கள். இரண்டாம் முறை, 'இந்தப் புல எண் உங்கள் சொத்துப் பதிவேட்டில் உள்ளதா, ஆம் அல்லது இல்லை' என்று ஒரே கேள்வி கேட்டேன். 'இல்லை' என்று முத்திரையோடு பதில் வந்த அன்று பாதி வழக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கால்வாசிகூட முடிந்திருக்கவில்லை.

திருப்பம் டீக்கடையில் வந்தது. எங்கள் பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் ஒருவர் இருக்கிறார். கதையைக் கேட்டுவிட்டு, "தம்பி, ஆர்ஜிதமா, ரிக்விசிஷனா? அதைச் சொல்லு முதலில்" என்றார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டது. அவர் பொறுமையாக விளக்கினார். ஆர்ஜிதம் என்றால் அப்போதிருந்த 1894 நில ஆர்ஜிதச் சட்டத்தின்படி சர்க்கார் கெஜட்டில் அறிவித்து, இழப்பீட்டை முடிவுசெய்து, நிலத்தை ஒரேயடியாக எடுத்துக்கொள்வது. ரிக்விசிஷன் என்றால் போர்க்காலத்தில் இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 75ஏ விதியைக் கொண்டு, தேவை இருக்கும்வரை மட்டும் வைத்துக்கொள்வது. உரிமை பட்டாதாரருக்கே, சர்க்கார் ஈடு கொடுத்துவிட்டு ஒருநாள் திருப்பித் தர வேண்டும். போர் முடிந்தும் சில நிலங்களைப் பிடித்துவைத்துக்கொள்ள 1947-லும் 1952-லும் தனிச் சட்டங்களே போட்டார்கள். "உன் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தானா இல்லையா என்று கண்டுபிடி, மற்றதெல்லாம் தானாக நடக்கும்" என்றார். தானாக எதுவும் நடக்கவில்லை. ஆனால் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தது.

பழைய ஆவணங்களைத் தேடி ஆவணக் காப்பகத்துக்குப் போன முதல் இரண்டு பயணமும் வீண். முதல் பயணத்தில் இப்போதைய மாவட்டத்தின் பெயரில் தேடினேன். எங்கள் ஊர் இதுவரை மூன்று மாவட்டங்களின் பெயரைச் சுமந்துவிட்டது. நிலத்தை எடுத்த 1942-ல் இருந்த மாவட்டமும் தாலுகாவும்தான் அங்கே செல்லும். இரண்டாவது பயணத்தில் யுடிஆர் புல எண்ணோடு போய் நின்றேன். அந்த எண் அப்போது பிறக்கவே இல்லை. பழைய எண்ணுக்கு, யுடிஆருக்கு முந்தைய நிலக் கணக்கான டைக்ளாட் பதிவேட்டைப் பார்த்து ஒப்பிட வேண்டும். ஊர்ப் பெயரில் 'ழ' இருந்தால் இன்னும் ஒரு தொல்லை. ஆங்கில இண்டெக்ஸில் அதை எல் போட்டு ஒருவர், ஆர் போட்டு ஒருவர், இசட் போட்டு ஒருவர் எழுதி வைத்திருப்பார்கள். மூன்றையும் தேடுங்கள். எங்களுடையது ஆர்.

கேட்ட கட்டு வருவதற்கு அரை நாள் ஆகும். அந்த நேரத்தில் மேசையில் கிடந்த போர்க்கால அரசாணைத் தொகுதிகளைப் புரட்டுவேன். அப்பத்தா சொன்ன கதைகளுக்கெல்லாம் அங்கேதான் தேதி கிடைத்தது. 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தது, மார்ச் 8 ரங்கூன். ஏப்ரல் 5 கொழும்பில் குண்டு, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அந்த இரண்டு ஊரும் அப்போது நம் மாகாணம்தான். சென்னைப் பட்டணம் பாதி காலியாகி, அரசு அலுவலகங்களே உள்நாட்டுக்கு மூட்டை கட்டின. அந்தப் பதற்றத்தில்தான் எங்கள் ஊரில் தண்டோரா போட்டு, நின்ற பயிரோடு நிலத்தை எடுத்தார்கள். கேட்பதற்குச் சட்டசபை இல்லை. 1939 அக்டோபரில் ராஜாஜி அமைச்சரவை விலகியதிலிருந்து 1946 வரை கவர்னர் ஆட்சி.

எனக்கு நெஞ்சில் தைத்தது வேறு ஒன்று. ரங்கூன் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. மாகாணம் அதைப் பெரிதும் நம்பியிருந்தது. 'அதிக உணவு உற்பத்தி செய்வீர்' என்று சர்க்கார் இயக்கம் நடத்தியது. அதே சர்க்கார் எங்கள் வயலில் கல்லையும் கான்கிரீட்டையும் கொட்டியது. கொள்ளுத்தாத்தாவுக்கு ஈடாகக் காகித ரூபாய் வந்தது. அரிசி விலை அதைவிட வேகமாக ஏறியது. நெல் விளைவித்த மனிதர் மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும், சர்க்கார் அளந்து கொடுக்கிற கண்ட்ரோல் வரிசையில் நின்றதை அப்பத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஓடுதளத்தில் கல் சுமந்தால் வயலைவிடக் கூலி அதிகம் என்று, ஊரிலேயே நிலமில்லாத குடும்பங்கள் அன்றைக்கு முதல்முறையாகப் பண்ணைக்காரரிடம் "நாளைக்கு வர முடியாது" என்று சொன்னதையும் அவள்தான் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் மகிழ்ச்சி இருக்கும். ஊருக்கு வந்த பஸ் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகைந்தபடி வருமாம். மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டுமாம். போர் முடிந்தும் கண்ட்ரோல் போகவில்லை. 1952-ல் ராஜாஜி எடுத்த பிறகுதான் போனது.

காப்பகத்தில், நிலத்தை எடுத்த ஆணை கிடைத்தது, திருப்பிக் கொடுத்த ஆணை கிடைக்கவில்லை. அதாவது எனக்கு எதிரான காகிதம் மட்டும் என் கையில் இருந்தது.

கடைசியில் உதவியது அப்பத்தாவின் தகரப்பெட்டி. அடியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. அவிழ்த்தால் நடுவில் துளை போட்ட 1943 காலணா ஐந்தாறு. போரில் உலோகம் மிச்சம் பிடிக்க அடித்த காசு அது. கூடவே நூலில் கோத்த துண்டுச் சீட்டுகள். காய்ந்த வெற்றிலை மாதிரி இருந்தன, தொட்டால் ஓரம் உதிர்ந்தது. கிஸ்தி, அதாவது நிலவரி ரசீதுகள். வருவாய்க் கணக்குக்கான ஆண்டைப் பசலி என்பார்கள். பசலி 1351-க்குப் பிறகு நான்கு ஆண்டுக்கு ஒன்றுமில்லை. பசலி 1356-லிருந்து மறுபடி வரிசையாக, அதே பழைய புல எண், அதே பட்டா எண். பசலியோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு. 1356 என்றால் 1946 ஜூலை முதல். நிலம் சர்க்காருடையது என்றால் சர்க்கார் எதற்குக் கொள்ளுத்தாத்தாவிடம் கிஸ்தி வாங்கியது? அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தாலுகா அலுவலகத்தில் ரசீதைக் காட்டினேன். இருக்கையில் இருந்த இளைஞர் புரட்டிப் பார்த்துவிட்டு, "1356-ல் வெள்ளைக்காரனே வரவில்லையே சார்" என்றார். கோபம் வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். பசலி கணக்கை ஒரு தாளில் எழுதி அவரிடமே கொடுத்தேன். பிறகு அவர்தான் நல்ல யோசனை சொன்னார்: அந்தப் பசலியின் ஜமாபந்திக் கணக்கை, அதாவது கிராமக் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கைப் பதிவைக் கேளுங்கள் என்று. மாவட்டப் பதிவறையில் ஏழு வாரம் நடந்து அதன் சான்றிட்ட நகலை வாங்கினேன். 'ராணுவத்திடமிருந்து திரும்பியது, பட்டாவில் சேர்க்கப்பட்டது' என்று ஒரே ஒரு வரி, எங்கள் எண்ணுக்கு எதிரே.

மாவட்ட வருவாய் அலுவலரிடம் யுடிஆர் பிழை திருத்த மனு, மூன்று தலைமுறை வாரிசுச் சான்று, இரண்டு விசாரணை. ஒரு முறை ரசீதுகளின் அசலைக் கோப்பில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நான் வைக்கவில்லை. நீங்களும் வைக்காதீர்கள், அசலைக் காட்டுங்கள், நகலில் 'அசலுடன் ஒப்பிடப்பட்டது' என்று கையெழுத்து வாங்குங்கள், அசலோடு வீட்டுக்குப் போங்கள்.

போன வாரம் எல்லைக் கல் நட அளவையர் வந்தார். வடகிழக்கு மூலையில் கடப்பாறையைப் போட்டதும் டங்கென்று ஒலித்தது. மண்ணுக்கு அரை அடி கீழே கான்கிரீட். சங்கிலி பிடித்துப் பார்த்தால் ஓடுதளத்தின் ஒரு ஓரம் 11 சென்ட் எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. "அதை உடைக்கத் தனியாக அனுமதி வாங்க வேண்டும்" என்றார் அளவையர். யாரிடம் என்று கேட்டேன். தெரியாது என்றார்.

இன்று காலை மறுபடி தகவல் மனு அனுப்பிவிட்டேன். இந்த முறை போஸ்டல் ஆர்டர்.